மோட்டார் சுருதியில் ஒரு வரவேற்பு

செய்த தப்பை ஒத்துக்கொள்பவர்தான் பெரிய மனிதர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தக் கணக்குப்படி நான் முக்கால் பெரிய மனுஷி. என் அண்ணன் கல்யாண வரவேற்பில் ஐந்நூறு பேரைச் செருப்புகூடப் போடவிடாமல் நடுரோட்டுக்கு ஓடவைத்தது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஒரு அண்டா பாயசம் தரையோடு போனதற்கும் நானே காரணம், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "பச்சை அன்னைக்கு சுருதி தப்பா வெச்சிட்டா" என்று யாராவது சொன்னால் மட்டும் இன்றைக்கும் சண்டைக்குப் போவேன். சுருதி சரியாகத்தான் இருந்தது. மண்டபம்தான் அதற்குத் தயாராக இல்லை.

என் முழுப்பெயர் பச்சையம்மாள். (குலதெய்வத்தின் பெயர். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு மெட்டல் என்கிற இரைச்சல் இசைக்கு ஆசைப்பட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.) வீடு திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலையில். அப்பாவுக்கு அங்கே கொஞ்சம் நிலம், வேர்க்கடலையும் சாமந்தியும் போடுவார். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. செங்கம் ரோட்டில் ஒரு விருந்தினர் விடுதியில் சாவி கொடுத்து, சாவி வாங்கி, வெந்நீர் வரவில்லை என்பவர்களுக்குச் சமாதானம் சொல்லும் வேலை. அங்கே தங்குபவர்களில் பாதிப் பேர் கிட்டாரோடுதான் வருவார்கள். அவர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி, இணையத்தில் வீடியோ பார்த்து, இரண்டு வருஷத்தில் சுமாராக வாசிக்கக் கற்றிருந்தேன்.

அந்த வருஷம் நார்வேயிலிருந்து ஒருவர் வந்து மூன்று மாதம் தங்கினார். ஆறரை அடி உயரம். கையில் எட்டுக் கம்பி எலக்ட்ரிக் கிட்டார். சாதாரண கிட்டாருக்கு ஆறு கம்பிதான். இதில் கூடுதலாக இருக்கிற இரண்டும் அடிக்குரல் கம்பிகள், யானை தொண்டையைச் செருமுவதுபோலப் பேசுபவை. மனிதர் தினமும் மலையைச் சுற்றினார், மௌனமாக உட்கார்ந்தார். ஊருக்குக் கிளம்புகிற அன்று கிட்டாரையும் பேட்டரியில் ஓடுகிற ஒரு குட்டி ஸ்பீக்கரையும் என் மேஜைமேல் வைத்துவிட்டு, "நான் மௌனத்தைத் தேடி வந்தேன். அதற்கு இது குறுக்கே நிற்கிறது. நீ வைத்துக்கொள்" என்றார். அவருக்கு மௌனம் கிடைத்தது. எங்கள் தெரு அதை இழந்தது.

கிட்டாரின் ஒவ்வொரு கம்பியையும் எந்த ஸ்வரத்தில் நிறுத்த வேண்டும் என்பதற்கு ஊர் உலகம் ஒப்புக்கொண்ட ஒரு முறை இருக்கிறது. அதைக் கலைத்துவிட்டு வேறு விதமாக நிறுத்தி என்ன வருகிறது என்று பார்ப்பது எட்டுக் கம்பிக்காரர்களின் பொழுதுபோக்கு. நானும் இறங்கினேன். இணையத்தில் ஒருவர் சொன்னபடி வைத்துப் பார்த்தேன், எழவு வீடு மாதிரி இருந்தது. இன்னொருவர் சொன்னபடி வைத்தேன், எங்கள் பக்கத்து வீட்டு எருமை பதில் சொன்னது. (மிகைப்படுத்தவில்லை. இரண்டு முறை சொன்னது.) அடுத்தவர்களின் சுருதி எதுவும் எனக்கு ஒத்துவரவில்லை. எனக்கென்று ஒன்று வேண்டும் என்ற திமிர் ஏறிவிட்டது.

வீட்டில் அம்மாவின் தையல் மிஷின் சத்தத்துக்கும் என் கிட்டாருக்கும் ஒத்துப்போகாததால், விடுமுறை நாட்களில் எங்கள் நிலத்து மோட்டார் ஷெட்டில் உட்கார்ந்துதான் வாசிப்பேன். ஒரு மத்தியானம் மோட்டார் 'ம்ம்ம்' என்று ஓடிக்கொண்டிருந்தது. நான் ஏழாவது கம்பியைத் திருகிக்கொண்டிருந்தேன். கம்பியின் சத்தமும் மோட்டாரின் சத்தமும் கிட்டே கிட்டே வந்தபோது 'வவ்... வவ்... வவ்...' என்று ஒரு அலை எழுந்தது. இன்னும் கொஞ்சம் திருகினேன். அலை மெதுவானது. இன்னும் ஒரு துளி. அலை நின்றது. கம்பியும் மோட்டாரும் ஒரே குரலாகிவிட்டன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மற்ற கம்பிகளையும் அதே ஸ்வரத்துக்கும் அதன் பஞ்சமத்துக்கும் மாற்றி மாற்றி நிறுத்தினேன். விரலே வைக்காமல் ஒரு தடவு தடவினால், ஷெட்டின் தகரக் கதவு சேர்ந்து பாடியது.

அங்கேயே நிறுத்தியிருந்தால் நான் ஒரு கலைஞி. நிறுத்தவில்லை. எட்டாவது கம்பியை மோட்டாருக்கும் கீழே ஒரு ஸ்தாயி இறக்க ஆசைப்பட்டேன். இறக்கினேன். கம்பி துணி காயப்போடும் கொடிபோலத் தொங்கியது. அவ்வளவு கீழே போக இன்னும் தடிமனான கம்பி வேண்டும். திருவண்ணாமலையில் அதற்கு எங்கே போவது? யோசித்து யோசித்துக் கடைசியில் கிரிவலப் பாதையில் இருக்கும் மெக்கானிக் கடைக்குப் போனேன்.

"அண்ணா, ஒரு கிளட்ச் வயர் குடுங்க. உள்கம்பி மட்டும் போதும்."

"எந்த வண்டிக்கும்மா?"

"வண்டிக்கு இல்லண்ணா. கிட்டாருக்கு."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "அதுல கியர்லாம் இருக்குதா?"

கிளட்ச் வயரின் நுனியில் ஒரு ஈயக் குண்டு இருக்கும். கிட்டாரின் அடியில் கம்பியைக் கோக்கிற ஓட்டையில் அது கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. அதைப் பார்த்து, கடவுளே இந்த வேலைக்குத்தான் கிளட்ச் வயரைப் படைத்திருக்கிறார் என்று முடிவு செய்தேன். (இருபத்து மூன்று வயதில் கடவுளின் நோக்கமெல்லாம் நன்றாகப் புரியும்.) மேல்பக்க ஓட்டையை அரம் போட்டுப் பெரிதாக்கி, குறடால் முறுக்கிக் கட்டினேன். ஸ்பீக்கரில் சொருகி, கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டினேன்.

ஐந்து நிமிஷத்தில் அப்பா வரப்பில் ஓடிவந்தார். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார், கையில் மண்வெட்டி.

"கரண்டு போய் ஒரு மணி நேரம் ஆவுது. மோட்டார் மட்டும் எப்டிடி ஓடுது?"

நான் கிட்டாரைக் காட்டினேன். திரும்ப ஒரு தடவை தட்டினேன். அப்பா மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார், கிட்டாரைப் பார்த்தார், "அதே சத்தம்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் இசைக்கு முதலில் கிடைத்த விமர்சனம் அது. இன்றுவரை அதைவிட நல்ல விமர்சனம் வரவில்லை.

அடுத்த மாதம் ஏழுமலை அண்ணனுக்குக் கல்யாணம். பெண் போளூர்ப் பக்கம், பெயர் சுகன்யா. காலையில் முகூர்த்தம், அதற்கு முந்தின சாயங்காலம் திருவண்ணாமலை டவுனில் ஒரு மண்டபத்தில் வரவேற்பு. பெண் வீட்டில் சுகன்யாவின் தங்கை மேடையில் டான்ஸ் ஆடப்போகிறாள் என்று தகவல் வந்ததும் அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அவங்க பொண்ணு ஆடுதுன்னா நம்ம பொண்ணு வாசிக்கட்டுமே. இன்னா இப்போ?"

அப்பா தயங்கினார். "மோட்டார் சத்தத்தைக் கேக்கவா அவ்ளோ சொந்தமும் வருது?"

"எல்லாருக்கும் சொல்லிட்டேன். வீணை மாதிரி ஒண்ணு வாசிப்பான்னு."

அப்பா என் பக்கம் திரும்பினார். "வாசி. ஆனா ஏதாவது கோக்குமாக்கா ஆச்சு, அத அந்த வெள்ளக்காரனுக்கே பார்சல் பண்ணிடுவேன். அதுக்கப்புறம் அந்தப் பேச்சே வீட்ல எடுக்கக் கூடாது."

சரி என்றேன். அம்மாவின் மானமும் என் கிட்டாரும் ஒரே தட்டில் ஏறிவிட்டன என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

மைக் செட் பொறுப்பு அம்மாவின் தம்பி சேகர் மாமாவுடையது. டவுனில் அவருக்கு சொந்தமாக சவுண்ட் சர்வீஸ் உண்டு. அடிக்குரலை முழக்குவதற்கென்றே பீரோ உயரத்துக்குப் புதிதாக நாலு பேஸ் பாக்ஸ் இறக்கியிருந்தார். பாட்டு காதில் கேட்டால் போதாது, நெஞ்சில் இடிக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அந்த நாலையும் மேடையின் இரண்டு பக்கமும் நிறுத்தினார்.

"மாமா, என் கம்பி ரொம்பக் கீழ போகும். பேஸை கொஞ்சம் கம்மி பண்ணுங்க."

"கம்மியா? நம்ம வீட்டுக் கல்யாணத்துல கம்மியா?" என்று சிரித்தார். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரில் அவர் விரல் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஏழரை மணி. சுகன்யாவின் தங்கை ஆடி முடித்துக் கைதட்டல் வாங்கிப் போனாள். என் பெயரை மைக்கில் சொன்னார்கள். பட்டுப் புடவை, தலை நிறைய மல்லிகை, கழுத்தில் கறுப்பு கிட்டார் என்று மேடை ஏறினேன். பின்னால் சிம்மாசனம் போன்ற நாற்காலிகளில் அண்ணனும் சுகன்யாவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், பரீட்சை எழுதப் போகிறவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேல் 'ஏழுமலை – சுகன்யா' என்று தெர்மாகோல் எழுத்துகள். முதல் வரிசையில் அம்மா. பக்கத்தில் இருந்தவர்களிடம் "எங்க பொண்ணு, எங்க பொண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தது உதட்டசைவில் தெரிந்தது.

மேல் கம்பிகளில் நலங்குப் பாட்டு மெட்டு ஒன்றை வாசித்தேன். கீழே மோட்டார் சுருதி தம்பூரா மாதிரி ஓடியது. சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு நிமிஷம் அது அழகாக இருந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரு குழந்தை அழுகையை நிறுத்தியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இதுதான் சமயம் என்று கிளட்ச் வயரைத் தட்டினேன்.

முதலில் சத்தமே கேட்கவில்லை. தரைதான் கேட்டது. மேடைப் பலகை என் உள்ளங்காலில் 'உம்ம்' என்றது. பேஸ் பாக்ஸ் அந்தச் சத்தத்தைக் கம்பிகளுக்கே திருப்பி அனுப்பியது. எட்டுக் கம்பியும் ஒரே குடும்பமாக நிறுத்தப்பட்டிருந்ததால் எட்டும் அதை வாங்கிக்கொண்டு இன்னும் பெரிதாக்கி பாக்ஸுக்கு அனுப்பின. பாக்ஸ் திரும்ப அனுப்பியது. சம்பந்திகள் சீர் மாற்றிக்கொள்வதுபோல ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போனது.

கையை எடுத்தேன். கிட்டார் நிற்கவில்லை.

இரண்டு உள்ளங்கையாலும் கம்பிகளை அமுக்கினேன். ஏழு அடங்கின. எட்டாவது அடங்கவில்லை. பயத்தில் திரும்பினேன், பாக்ஸுக்கு இன்னும் கிட்டே போய்விட்டேன். சத்தத்தைக் குறைக்கும் குமிழ் என்று நினைத்து வேறு எதையோ திருகினேன். "மாமா! மாமா!" என்று கத்தினேன். மிக்ஸர் முன்னால் ஆளே இல்லை. மாமா முதல் பந்தியில் உட்கார்ந்து இன்னொரு வடை கேட்டுக்கொண்டிருந்தார் என்று பின்னால் தெரிந்தது.

மண்டபத்தின் அலங்காரக் கூரையிலிருந்து வெள்ளையாகத் தூள் கொட்டியது. ஜன்னல் கண்ணாடிகள் பல்லைக் கடித்தன. தெர்மாகோலில் 'ஏ' பிய்த்துக்கொண்டு விழுந்து, 'ழுமலை – சுகன்யா' என்று நின்றது. அப்போது யாரோ ஒரு புண்ணியவான் கத்தினார்:

"பூகம்பம்! எல்லாரும் வெளிய ஓடுங்க!"

அவ்வளவுதான். நாற்காலிகள் உருண்டன. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து இலையில் பாதிச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடினார்கள், சிலர் இலையோடு ஓடினார்கள். பாயச அண்டாவைத் தூக்கிவந்த இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையில் ஓட, அண்டா எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கவிழ்ந்தது. யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை, அண்ணாமலையார் புண்ணியம். கடைசியில் மண்டபத்து எலக்ட்ரீஷியன் மெயினை இறக்கினார். சத்தம் நின்றது, விளக்கும் போனது. காலியான மண்டபத்தில், இருட்டில், கழுத்தில் கிட்டாரோடு நான் மட்டும் நின்றிருந்தேன். ஓடலாமா, அங்கேயே பூமிக்குள் போய்விடலாமா என்று இருந்தது. பூமி அன்றைக்கு ஏற்கெனவே கோபத்தில் இருந்ததால் வெளியே போனேன்.

ரோட்டில் மொத்தக் கல்யாணமும் வெறுங்காலோடு நின்றது. ஆட்டோக்கள் நின்றன. கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் என்ன விசேஷம் என்று விசாரித்தார்கள். பூகம்பம் இல்லை, பச்சைதான் என்று தெரிந்ததும் ஐந்நூறு தலைகள் என் பக்கம் திரும்பின. பெண்ணின் தாய்மாமன் முன்னால் வந்தார். பெரிய மீசை. வேட்டியின் ஒரு நுனி கிழிந்து வாசல் கேட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

"தாலி ஏறறதுக்கு முன்னாடியே மண்டபம் ஆடுது. இது நல்ல சகுனமாங்க? பொண்ணு குடுக்கறதா வேணாமான்னு நாங்க யோசிக்கணும்" என்றார். கூட்டம் 'உஸ்' என்றது. "கல்யாணம் நடக்கணும்னா அந்தப் பொண்ணு எல்லார் கால்லயும் விழணும். அந்தக் கருமத்த இங்கயே ஒடச்சிப் போடணும். பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?"

அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா என்னிடம் கையை நீட்டினார். கிட்டாரைக் கொடு என்று அர்த்தம்.

அதுவரை அழத்தான் இருந்தேன். ஆனால் 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு' என்ற வார்த்தை உள்ளே எங்கேயோ தீக்குச்சி கிழித்துவிட்டது.

"மன்னிப்பு கேக்கறேன். கால்லயும் விழறேன். என்னாலதான் இவ்ளோ ஆச்சு. ஆனா ஒடைக்க விடமாட்டேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவது என் ஜாதகத்திலேயே இல்லை. "தப்பு பாக்ஸ் மேலதான். சுருதி சரியாத்தான் இருந்துச்சு" என்று ஆரம்பித்து, பாக்ஸுக்கும் கம்பிக்கும் நடுவில் சத்தம் எப்படிச் சுற்றிச் சுற்றி வளர்கிறது என்று ஐந்நூறு பசித்த மனிதர்களுக்கு நடுரோட்டில் பாடம் நடத்தினேன். இன்றைக்கு நினைத்தாலும் காது மடல் சூடாகிறது. யாரும் கேட்கவில்லை. ஒரு ஆட்டோக்காரர் மட்டும் தலையாட்டினார்.

தாய்மாமன், "பாத்தீங்களா, திமிர!" என்று திரும்பினார்.

அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. மணப்பெண். சுகன்யா, தலை அலங்காரம் ஒரு பக்கம் சரிந்து, புருவத்தில் வெள்ளைத் தூளோடு, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு அவள் குரலை எல்லோரும் கேட்டது அப்போதுதான்.

"மாமா, சகுனத்த நான் சொல்லட்டுமா?" என்றாள். "பூகம்பம்னு சொன்னதும் நீங்கதான் மொதல்ல ஓடினீங்க. மேடையில என் பக்கத்துல நின்னுட்டு இருந்த நீங்க என்னைத் தள்ளிட்டு ஓடினீங்க. நான் நாற்காலியோட விழப்போனேன்."

மாமன் கிழிந்த வேட்டியை இழுத்து மடித்துக் கட்டினார்.

"இவரு வாசல் வரைக்கும் போயிட்டாரு. நான் இல்லன்னதும் திரும்பி உள்ள வந்தாரு. கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தாரு" என்று அண்ணனைக் காட்டினாள். "இதுக்கு மேல எனக்கு இன்னா சகுனம் வேணும்?"

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, இன்னும் அவள் கையை அவன் விடவே இல்லை. நெருப்பைத் தொட்டவன்போல உதறினான். கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். அப்புறம் தெருவே சிரித்தது. அதற்குப் பிறகு யார் சகுனம் பேசுவது? தாய்மாமன் கேட்டில் தொங்கிய வேட்டி நுனியை எடுக்கப் போய்விட்டார்.

நீட்டிய கையை அப்பா மடக்கிக்கொண்டார். "உள்ள போங்க எல்லாரும். சாப்பாடு ஆறுது" என்றார்.

சொன்னபடி மன்னிப்புக் கேட்டேன். சமையல்காரர்களிடம் ஆரம்பித்து, கையில் ரச வாளியோடு இலை இலையாகக் குனிந்து, பந்தி பந்தியாகக் கேட்டேன். தாய்மாமனிடம் இரண்டு முறை கேட்டேன், அவர் ரசமும் இரண்டு முறை வாங்கிக்கொண்டார். அம்மா என் பின்னாலேயே அப்பளம் வைத்துக்கொண்டு வந்தாள். என்ன திட்டு விழப்போகிறதோ என்று முதுகு கூசியது. கடைசி வரிசையில் என் காதருகே குனிந்து, "மொத ரெண்டு நிமிஷம் நல்லாத்தாண்டி இருந்துச்சு. அங்கயே எறங்கியிருக்கலாம் இல்ல?" என்றாள்.

மறுநாள் காலை தாலி ஏறியது. கிட்டார் நார்வேக்குப் போகவில்லை. அண்ணன் வீட்டுக் கூடத்தில் இப்போது மாட்டியிருக்கும் பெரிய படம் தாலி கட்டும் படம் இல்லை. வாயைப் பிளந்துகொண்டு இரண்டு பேரும் கைகோத்து ஓடுகிற படம். (வெளியே ஓடிய போட்டோக்காரர் வாசலில் திரும்பி நின்று தொழில் செய்திருக்கிறார்.) சொந்தத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் என்னைக் கண்டதும், "பச்சை வந்துட்டாளா? அப்போ மொதல்ல சாப்டுடலாம்பா" என்று யாராவது சொல்கிறார்கள், எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவிட்டு வாசிக்கத்தான் செய்கிறேன். இப்போதெல்லாம் மிக்ஸரில் ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு.

போன தை மாதம் சித்தப்பா பெண்ணின் கல்யாணம் அதே மண்டபத்தில் நடந்தது. வாசலில் பழைய விதிமுறைப் பலகை. பட்டாசு வெடிக்கக் கூடாது, மது அருந்தக் கூடாது என்று இருந்ததற்குக் கீழே, வேறு நிறப் பெயிண்டில், "எட்டுக் கம்பி கிட்டார் வாசிக்கக் கூடாது" என்று புதிதாக ஒரு வரி எழுதியிருந்தார்கள். மேனேஜர் என் தோளில் தொங்கிய பையைப் பார்த்துவிட்டு, பலகையைக் கைகாட்டினார்.

நான் பையைத் திறந்து காட்டி, கம்பிகளை எண்ணிக்கொள்ளச் சொன்னேன். அவர் ஒருமுறைக்கு இரண்டுமுறை எண்ணினார். ஒன்பது.